பத்து கிராம் சாம்பல்

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கம்பளம் கிடையாது.
பாய் உண்டு. மடிப்பில் கிழிந்த
பிளாஸ்டிக் பாய், பச்சையும் ஊதாவும்.
ஆனாலும் ஆறு மாதமாக நான் வரைவது
கம்பளத்தின் மேல் போகவேண்டிய ஒரு வாய்.
அகலம் இருநூற்றெழுபது மில்லிமீட்டர்.
உதடு இரண்டு. நடுவே
ஏறி இறங்கும் ஒரு மீசை.

தரையென்றால் மீசை இறங்கவேண்டும்,
டைல்ஸில் கீறல் விழக்கூடாது.
கம்பளமென்றால் உள்ளே போய்விடவேண்டும்,
இழையில் மாட்டக்கூடாது.
இடையில் ஒன்று கேட்டார்கள் பெங்களூர்க்காரர்கள்:
பாதி மீசை.
ஏன் என்று சொல்லவில்லை.

வியாசர்பாடி தொழிற்பேட்டை, மூன்றாவது சந்து.
மழைக்குக் கால்வாய் வாசல்படி ஏறிவிடும்,
அச்சுகளெல்லாம் பரணில்.
வரைபடத்தில் நான் புள்ளி இரண்டு குறைத்தால்
நூருல்லா நாற்பது கிலோ எஃகை இறக்கவேண்டும்.
'எஞ்சினியரம்மா, இதான் கடைசின்னு சொல்லு.'
சொல்வேன்.
அது பதினோராவது கடைசி.

காலால் அழுத்த ஒரு மிதி,
அடியில் ஒரு கேம், அதைத் தாங்கும் ஸ்பிரிங்.
க்ளிக் என்று கேட்கவேண்டும்.
கேட்காவிட்டால் மனிதர்கள் நம்புவதில்லை,
இன்னொரு தரம் மிதிக்கிறார்கள்.

சோதனைத் தூசி என்றே ஒன்று விற்கிறது.
ஒரு டப்பா என் அரைமாதச் சம்பளம்.
எண்ணூரில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் இலவசம்,
இரவு காயப்போட்ட துணியை
விடிகாலையில் உதறினால் போதும்.
அனல்மின் சாம்பல். மாவுபோல
விரலிடுக்கில் வழுக்கும்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் வழித்தெடுத்தபோது
அக்கா கேட்டாள்:
'இத காசு குடுத்தா வாங்குறாங்க?
இன்னும் வேணுமா?'

கம்பளம் கொருக்குப்பேட்டை தணிகாசலத்திடம்.
சாமியானா, நாற்காலி, மேடை அலங்காரம்.
வரவேற்புக்கு விரிக்கும் சிவப்புச் சுருள், நாற்பதடி.
உள்ளே போன முகூர்த்தத்தின் அட்சதை, ஜிகினா,
யாரோ மிதித்து ஒட்டிய சூயிங்கம்.
'ஞாயித்துக்கெழம ரிசப்ஷன் இருக்கு.
வெள்ளிக்குள்ள வந்துடணும்.'

முதல் நாளே வாய் கம்பளத்தைக் கவ்விக்கொண்டது.
தள்ள முடியவில்லை.
இழுத்தால் நாற்பதடியும் கூடவே வந்தது.
மோட்டார் இரைச்சல் ஊளையானது.
வேகத்தைக் குறைத்தேன், அட்சதை எழவில்லை.
மீசையை நீட்டினேன்,
ஜிகினா மட்டும் வந்தது, அதுவும்
மீசையிலேயே உட்கார்ந்துகொண்டது.

வியாழன் இரவு, தெரு அடிபம்பில் என் முறை.
கைப்பிடி பூப்போல ஏறி இறங்குகிறது,
சொட்டுத் தண்ணீர் இல்லை.
பின்னாலிருந்து ஃப்ளோரா சொன்னாள்:
'வாஷர் போச்சு. காத்து புடிக்குது.
அதான் கை லேசாக்கீது.'

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

கசிவை அடைத்தே பழகியவர்கள் நாங்கள்.
கூரையில் தார், குழாயில் சைக்கிள் டியூப்,
டாங்கர் லாரி ஹோஸில் கிழிந்த நைட்டி.
இந்த வாய்க்கு வேண்டியிருந்தது
ஒரு கசிவு.
பின் உதட்டில் இரண்டு துளை, நாலு மில்லிமீட்டர்,
மிதி கம்பளத்துக்கு மாறும்போது மட்டும் திறக்க.

வெள்ளி காலை வரைபடம் திருத்தவில்லை,
ட்ரில்லிங் மெஷினில் கையாலேயே போட்டேன்.
நூருல்லா பார்த்தார்.
பரணைப் பார்த்தார்.
பையனைக் கூப்பிட்டு டீ சொன்னார், இரண்டு.

வாய் நகர்ந்தது.
இழைக்குள் உதட்டைப் புதைத்தபடி,
ஓரத்தில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு,
ஒரு கையால் தள்ளும் கனத்தில்.

தூவியது பத்து கிராம் சாம்பல்.
பையில் வந்தது, அட்சதை நீக்கி,
எட்டு புள்ளி இரண்டு.
படிவத்தில் அப்படியே எழுதினேன்.
பெங்களூருக்கு அது போதும்.

மீதி ஒன்று புள்ளி எட்டு
அந்தச் சிவப்பில்தான் எங்கோ.
சுருட்டிக் குட்டியானையில் ஏற்றும்போது
தணிகாசலம் தட்டிப் பார்த்தார், திருப்திதான்.
'புதுசாட்டம் ஆயிடுச்சே.'

ஞாயிறு மாலை, பட்டுவேட்டி தடுக்க,
எவனோ ஒருவன் அதன்மேல்
வெறுங்காலோடு நடந்து வருவான்,
உள்ளங்காலில் கொஞ்சம் எண்ணூரோடு.